பச்சைக்கு அடியில் சிவப்பு

கொல்லைப்பக்கத்துத் தண்ணீர் டிரம்மில் மறுபடியும் சிவப்பு தெரிய ஆரம்பித்திருந்தது. பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்த பெயின்டர், வாய் கொப்பளிக்க மறந்து நின்றார். போன வாரம்தான் அதன் மேல் புதிதாகப் பச்சை அடித்திருந்தார். அதற்கு முன்பும் ஒரு தடவை அடித்திருந்தார்.

“ஊருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறீங்க, நம்ம வீட்டு டிரம்முல மட்டும் நிக்க மாட்டேங்குதே,” என்று சிரித்தபடி அவர் மனைவி அதில் குடத்தை முக்கினாள். அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. சமையலறையில் காலியான எண்ணெய் டிரம்மைக் கேட்டு வாங்கிவந்து தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். அது வீட்டுக்குள் வந்த அன்றே பெயின்டருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. டிரம்மைச் சுற்றி அடித்திருந்த பச்சைப் பட்டையின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் மேல்நோக்கி ஒரு சின்ன இழுப்பு. அது அவருடைய கைவேலை.

அவர் வேலை பார்த்தது எண்ணெய்ப்பனைக் கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பை ஆட்டுகிற ஆலையில். நல்ல பருப்பின் எண்ணெய் சமையலுக்குப் போகும். அந்த டிரம்முக்குப் பச்சைப் பட்டை. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த பருப்பைத் தனியாக ஆட்டுவார்கள். பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுக்கும் என்பதால் அந்த எண்ணெய் சோப்புக் கம்பெனிக்கு மட்டும்தான் போக வேண்டும். அதற்குச் சிவப்புப் பட்டை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்று வைத்த ஏற்பாடு அது.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். “பழைய டிரம்தாம்ப்பா. கழுவியாச்சு, நல்ல எண்ணெய் ஊத்தப் போறோம். சிவப்பை மறைச்சுப் பச்சை அடிச்சிரு. சீக்கிரம், லாரி நிக்குது.”

முதல் தடவை அவை காலி டிரம்களாகத்தான் இருந்தன. பிரஷ்ஷின் கட்டை பட்டால் கணீரென்று ஒலித்தன. போகப் போக அந்தச் சத்தம் மாறிவிட்டது. கட்டை பட்டால் தொம் என்றது. உள்ளே எண்ணெய் நிரம்பியிருந்தது. பெயின்டருக்கு அது நன்றாகக் கேட்டது. நமக்கேன் வம்பு என்று அடித்துக்கொண்டே போனார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று அடுத்தவனைக் கேட்பது நமக்கெல்லாம் சுலபம். நம் கண் மூடியிருப்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

ஆனால் பழைய சிவப்பு பொல்லாதது. இடையில் அடைப்புப் பூச்சு கொடுக்காமல் மேலே எதை அடித்தாலும் ஊறி வெளியே வரும். லாரி காத்திருந்த அவசரத்தில் அவர் அந்தப் பூச்சைக் கொடுக்கவில்லை.

ஆலையில் டீ குடிக்கும்போது ரேடியோவில் ஓர் அதிகாரி பேசினார். பனைப் பருப்பை சோப்பு, மெழுகுவர்த்தி போன்ற உணவல்லாத காரியங்களுக்குப் பயன்படுத்துவது நாட்டில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறதாம். சமையலுக்குப் போவது கூடுகிறதாம். மிகவும் வரவேற்கத்தக்க போக்காம். பெயின்டர் டம்ளரைக் கீழே வைத்தார். முற்றத்தில் பூஞ்சணப் பருப்பு முன்பைவிடப் பெரிய குவியலாகக் கிடந்தது. சோப்புக் கம்பெனி லாரி வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. கணக்கு எப்படிக் குறைகிறது என்று அந்த அதிகாரிக்குத் தெரியவில்லை, இவருக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மனைவி ஒரு சேதியோடு வந்தாள். பள்ளியில் ஒரு சிறுமி இருந்தாள். வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, தட்டை நீட்டி, “அக்கா, இன்னொரு கரண்டி,” என்பாள். அதனால் சமையலறையில் அவளுக்குப் பெயரே ‘இன்னொரு கரண்டி’ என்றாகிவிட்டது. கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

“ஈரல் கெட்டுப்போச்சாம். எதனாலன்னு கேட்டா, எவ்வளவோ காரணம் இருக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம்,” என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். பெயின்டருக்கு அதற்குப் பிறகு எந்தப் பச்சையும் பச்சையாக இல்லை. பக்கத்து வீட்டுக் கதவிலும் பேருந்திலும் மகளின் பாவாடையிலும் அடியில் சிவப்பு ஊறுவதாகவே பட்டது. கொல்லைக்குப் போகப் பயந்தார்.

விடுமுறை நாள் மதியம். இலேசான தூறல். மனைவி குழம்புச் சட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகக் கேட்டாள்: “இன்னொரு கரண்டி போடவா?”

பெயின்டர் தட்டைத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சிவப்பு, பச்சை, தொம் என்ற சத்தம், ஒன்று விடாமல்.

அவள் கத்தவில்லை. கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் கையாலதானே போட்டேன். கேக்கக் கேக்கப் போட்டேனே,” என்றாள். நெடுநேரம் கழித்து எழுந்து, “நாளைக்கு அடுப்பு பத்த வைக்கிறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் போயாகணும். உங்க சுரண்டிக் கத்தியை எடுத்துக்கங்க,” என்றாள்.

மறுநாள் காலை பள்ளிச் சமையலறையில், தலைமை ஆசிரியையின் முன்னால், பெயின்டர் மண்டியிட்டு அங்கிருந்த எண்ணெய் டிரம்மைச் சுரண்டினார். பச்சை தோல்தோலாக உரிந்தது. அடியில் சிவப்பு.

“யார் இதை மறைச்சது?” என்றார் தலைமை ஆசிரியை.

“நான்தாம்மா.”

ஆசிரியை உரிந்து விழுந்த பச்சைத் தோல் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு, “எண்ணெயை அனுப்பினது உங்க முதலாளி. நீங்க கூலிக்குப் பட்டை அடிச்சவர்,” என்றார்.

“நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். அந்தப் பொண்ணு இதாலதான் போச்சான்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னு சொல்லவும் முடியலை. ஒண்ணு மட்டும் தெரியுது. தப்பு பண்றவன் தனியா பண்ண முடியாதும்மா. அதை மூடி வைக்க இன்னொருத்தன் கை வேணும். தெரிஞ்சும் மூடி வைக்கிறவனும் அந்தத் தப்பைப் பண்ணினவன்தான்.”

அன்றே அதிகாரிகள் வந்தார்கள். ஆலைக்குப் பூட்டு விழுந்தது. மற்ற ஆலைகளிலும் டிரம்களைச் சுரண்டிப் பார்த்தார்கள். அங்கேயும் பச்சை உரிந்தது. மேனேஜரைத் தேடினார்கள், பெயின்டர் தானாகவே போய் வாக்குமூலம் கொடுத்தார். வேலை போய்விட்டது. இப்போது வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்.

அடுத்த ஆண்டு ரேடியோவில் அதே அதிகாரி பேசினார். பருப்பின் உணவல்லாத பயன்பாடு திடீரென்று கூடிவிட்டதாம். கவலைப்பட வேண்டிய போக்காம். “கூடட்டும்,” என்று சொல்லி மனைவி ரேடியோவை நிறுத்திவிட்டு, சோறு போட வந்தாள்.

கொல்லையில் அந்த டிரம் இன்னும் நிற்கிறது, பச்சை முழுக்கச் சுரண்டப்பட்டு, சிவப்புப் பட்டையோடு. அதில் யாரும் தண்ணீர் பிடிப்பதில்லை. தூக்கிப் போடவும் பெயின்டர் விடவில்லை. மனைவியும் இப்போதெல்லாம் சாப்பாட்டில் பழைய மாதிரிக் கேட்பதில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி, “போதுமா?” என்று மட்டும் கேட்கிறாள்.