சூசையப்பர் சொன்னவராம்

கிறேஸ் ரீச்சர் ஒரு பிள்ளையைப் பார்த்து "கொழுப்பு" என்று சொல்லிவிட்டால், கொழும்பிலிருந்து பெரிய டொக்டர் இறங்கி வந்தாலும் அதற்கு மேல் பேச்சில்லை. ஊர்காவற்றுறைக்குப் போகிற பாதையில் கடலோரமாகக் கிடக்கிற அந்தச் சின்ன ஊரில், பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மறைக்கல்விக்கும் அவர்தான். ஆகவே ஜெனீற்றாவின் மகள் நிலக்சனாவுக்குக் கொழுப்பு என்பது கடவுளாலும் கல்வித் திணைக்களத்தாலும் உறுதிப்படுத்தப்பட்ட உண்மையாகிவிட்டது.

அந்த எட்டு வயதுப் பிள்ளை செய்த குற்றம் இதுதான். "கொப்பியை எடுங்கோ" என்று ரீச்சர் சொன்னால், பக்கத்தில் இருக்கிறவள் எடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். கேள்வி கேட்டால் "என்ன ரீச்சர்?" என்று திருப்பிக் கேட்பாள். மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். அந்த வகுப்பின் கோலத்தையும் சொல்லத்தான் வேண்டும். தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம், அதற்குள் மூன்று வகுப்பு, நடுவில் சுவருக்குப் பதிலாக ஒரு கரும்பலகை. ஒரு பக்கம் ஏழாம் வாய்ப்பாடு, மற்றப் பக்கம் கைதட்டிப் பாட்டு, இடையில் கிறேஸ் ரீச்சரின் தொண்டை. மீன் சந்தை பிச்சை வாங்கவேண்டும். இதற்குள் இருந்து ஒரு குரலை மட்டும் பிரித்துக் கேட்க முடியாத பிள்ளைக்குக் கொழுப்பாம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. செவிடு என்றது ஒரு கூட்டம். பேய்க் கோளாறு என்றது இன்னொன்று. தகப்பன் றொபேட்டின் வள்ளத்து எஞ்சின் சத்தம் வயிற்றிலேயே பிள்ளையைத் தாக்கிவிட்டது என்று ஒரு விஞ்ஞானி கள்ளுக்கடையில் கண்டுபிடித்தார். ஜெனீற்றா எல்லாவற்றையும் கேட்டுச் சலித்து, பிள்ளையைப் பஸ் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே காதில் எதையோ மாட்டிச் சோதித்து, "காது நல்லாக் கேக்குது, கவலைப்படாதேங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். கேட்கிற பிள்ளைக்கு ஏன் விளங்குவதில்லை என்று அவர்களும் கேட்கவில்லை. ஜெனீற்றா சந்தோசமாக வந்து ரீச்சரிடம் சொன்னாள்.

"பாத்தீரே," என்றார் ரீச்சர். "காதில ஒண்டுமில்லை. அப்ப இது கொழுப்புத்தான்."

வீட்டில் பிள்ளை வேறு பிள்ளை. குசினி அடுப்படியில் வேறு சத்தம் இல்லாத நேரத்தில், முகத்தைப் பார்த்து ஒரு வசனத்தை ஆறுதலாகச் சொன்னால் ஒரே தரத்தில் பிடித்துக்கொள்வாள். அப்படியே பரமண்டல மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாசப் பிரமாணம் என்று எல்லாச் செபத்தையும் தாயோடு இருந்து பாடமாக்கிவிட்டாள். முதல் நன்மை எடுக்கவேண்டும், முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கவேண்டும் என்ற ஆசை. போன வருடமே எடுத்திருக்கவேண்டியவள். பெருநாளுக்கு முந்திப் பூசை வைக்கிற சுவாமியார் வந்து பிள்ளைகளைச் சோதித்த அன்று, கோயில் வாசலில் லவுட்ஸ்பீக்கர் அலற, உள்ளே விசிறிகள் கடகடக்க, பிள்ளை மரம்போல நின்றாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். தைத்து வைத்த வெள்ளைச் சட்டை அலுமாரிக்குள் போனது.

இந்த வருடம் ஜெனீற்றா அந்தச் சட்டையின் மடிப்பை இறக்கித் தைத்துக்கொண்டிருந்தபோது ரீச்சர் வேலிப் படலையடியில் வந்து நின்றார். "இந்த முறையும் நிலக்சனா வேண்டாம். சுவாமியாருக்கு முன்னால திரும்பவும் என்னை வெக்கப்படுத்தாதேயும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, ஜேசு என்னை வேண்டாமெண்டவரோ?"

ஜெனீற்றா ஊசியைச் சட்டையில் குத்திவைத்துவிட்டு எழும்பினாள். இந்த முறை பிள்ளை முதல் நன்மை எடுக்காவிட்டால் தன் பெயர் ஜெனீற்றா இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நேரே கோயில் காரியங்களை நடத்துகிற மூப்பர் பஸ்ரியாம்பிள்ளையிடம் போனாள். சோதிக்கிற நேரம் மட்டும் லவுட்ஸ்பீக்கரை நிற்பாட்டச் சொல்லிக் கேட்டாள். சூசையப்பர் கோயில் அது. வேதாகமம் முழுக்கத் தேடினாலும் ஒரு வார்த்தை பேசாத மனிதர் அந்தச் சூசையப்பர். அவருடைய பெருநாளுக்குத்தான் நாலு ஸ்பீக்கர் பொக்ஸ், தென்னை உயரத்தில் இரண்டு குழாய்.

"சத்தம் இல்லாட்டிப் பெருநாள் எண்டு சனத்துக்கு எப்பிடிப் பிள்ளை விளங்கும்?" என்றார் மூப்பர். "ஒரு பிள்ளைக்காக ஊரை நிப்பாட்ட ஏலாது."

ஏலாதுதான். ஆனால் தனக்குத் தனக்கென்றால் சுளகும் படக்குப் படக்கென்னும். நாலாம் நாள் மூப்பரின் மகள் ஜோசப்பின் ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கினாள். கூடவே அவளுடைய ஆறு வயது மகன் நேதன், தலையில் நீல நிறக் காதுமூடியோடு. சத்தம் அவனுக்கு ஆகாது என்று ஜோசப்பின் ஒரு தரம்தான் சொன்னாள். அன்று பின்னேரமே மூப்பர் தன் கையாலேயே லவுட்ஸ்பீக்கரை நிற்பாட்டினார். வெடிக்காரனுக்கு வெடி வேண்டாம் என்று ஆள் போனது. கோயில் விசிறிகள் நின்றன. மணியடிக்கிற ஆள் மணிக் கயிற்றைத் தொடவே பயந்தான். கிறேஸ் ரீச்சர் நேதனுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, "தம்பிக்கு என்ன வேணும்?" என்று குயில் குரலில் கேட்டார். அந்தத் தொண்டைக்குள் அப்படியொரு குரல் இருந்தது அன்றுதான் ஊருக்குத் தெரியும்.

ஜெனீற்றா இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருடமாக மேசைக்குக் கீழே கிடந்த தன் பிள்ளைக்குப் பேய். விமானத்தில் வந்த பிள்ளைக்குப் பணிவிடை. ஜோசப்பினோ நிலக்சனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் கடகடத்துப் போக, பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டியிருந்தாள்.

"ஜெனீற்றா அக்கா, இவவுக்கும் நேதனுக்கு உள்ள கரைச்சல்தான் போல கிடக்கு," என்றாள் ஜோசப்பின். "காது கேக்கும். கேட்டதைப் பிரிச்செடுக்கத்தான் மூளை கஷ்டப்படும். சத்தம் கூடினா எல்லாம் ஒண்டாக் கலந்திடும். அதுக்கு அடிச்சுப் பிரயோசனமில்லை. முன் வாங்கில இருத்தி, முகத்தைப் பாத்து, ஒவ்வொண்டாச் சொன்னாப் போதும். சத்தம் தாங்கேலாத நேரம் ஒதுங்கியிருக்க ஒரு மூலை குடுக்கவேணும். யாழ்ப்பாணத்தில திரும்பவும் காட்டுங்கோ. கேக்குதோ எண்டு கேளாதேங்கோ, கேட்டது விளங்குதோ எண்டு சோதிக்கச் சொல்லுங்கோ."

பக்கத்தில் நின்ற கிறேஸ் ரீச்சர் சிரித்தார். "அது குளிர் நாட்டு வருத்தம் பிள்ளை. எங்கட பிள்ளையளுக்கு உது வராது. எங்கட பிள்ளையளுக்கு வாறது கொழுப்பு."

சுவாமியார் சோதிக்க வந்த அன்று ஜெனீற்றா யாரையும் கேட்கவில்லை. பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னி, கையைப் பிடித்துக் கொண்டுபோய் முன் வாங்கில் இருத்தினாள். ரீச்சர் கண்ணால் சுட்டார். நேதன் தாயோடு உள்ளே இருந்ததால் கோயிலில் ஒரு சத்தமில்லை. மற்றப் பிள்ளைகள் தனித்தனியே எழும்பிச் சொல்லவேண்டி வந்ததும் முழிக்கத் தொடங்கினார்கள். எல்லாரும் சேர்ந்து கத்துவதற்குத்தான் ரீச்சர் பழக்கியிருந்தார். அவருடைய வகுப்பில் முதலாம் இடம் பிடிக்கிற பிள்ளையே விசுவாசப் பிரமாணத்தில் போஞ்சு பிலாத்து வருகிற இடத்தோடு நின்றுவிட்டது.

"சுவாமி, என்ர பிள்ளையிட்டயும் கேளுங்கோ," என்று எழும்பினாள் ஜெனீற்றா. "கிட்ட வந்து, அவளின்ர முகத்தைப் பாத்து, ஆறுதலாக் கேளுங்கோ. அவ்வளவுதான்."

சுவாமியார் நல்ல மனிதர். கதிரையை இழுத்துப் பிள்ளைக்கு முன்னால் போட்டு இருந்துகொண்டு கேட்டார். நிலக்சனா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிலாத்துவையும் தாண்டி, நித்திய சீவியம் வரை போய் ஆமென் சொல்லி நிறுத்தினாள். கேட்காத பத்துக் கட்டளையையும் சேர்த்துச் சொன்னாள். "வாற ஞாயிறு நீயும் வா" என்றார் சுவாமியார். அவள் தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

இந்த இடத்தில் ஊர் மூளையைப் பாவித்திருக்கலாம். சத்தம் இல்லை, பிள்ளைக்கு விளங்கியது என்று இரண்டும் இரண்டும் நாலாகக் கூட்டியிருக்கலாம். கூட்டினால் அது நம்முடைய ஊர் அல்லவே.

"புதுமை," என்றார் கிறேஸ் ரீச்சர், நெஞ்சில் கை வைத்து. "சூசையப்பர் செவிட்டுப் பிள்ளைக்குக் காதைத் திறந்திட்டார். நான் இவளுக்காக எவ்வளவு செபிச்சனான்."

"செவிடு இல்லை ரீச்சர், சத்தம்தான்" என்று ஜெனீற்றா தொடங்கினாள். யார் கேட்டது? செவிடர் காதில் ஊதிய சங்கு என்பது இதுதான். செவிடர் யார் என்பதுதான் மாறிக் கிடந்தது. கோயிலுக்குள் கிழவிகள் அழுதார்கள். நேதனைத் தாய் சந்தடி கண்டு வெளியே கூட்டிப்போனதுதான் தாமதம், மூப்பர் ஓடிப்போய் லவுட்ஸ்பீக்கரைப் போட்டார். நாலு பொக்சும் இரண்டு குழாயும் ஒன்றாக அலறின. அந்தச் சந்தோசத்தில் மணியும் சேர்ந்தது.

நிலக்சனா கீழே விழுந்து வாங்குக்கு அடியில் புகுந்தாள். காதைப் பொத்திக்கொண்டு வீரிட்டாள்.

"ஐயோ, பேய் திரும்பி ஏறிட்டுது" என்றார் ரீச்சர். "சுவாமி, ஞாயிற்றுக்கிழமைக்கு இவளை விடுறது சரிவராது."

சுவாமியாரின் முகத்தில் சந்தேகம் வந்ததை ஜெனீற்றா கண்டாள். ஒரு நிமிடத்துக்கு முன் கையில் வந்தது போகப் போகிறது. உண்மையை மூன்று வருடமாகச் சொல்லிப் பார்த்தாள். டொக்டரைக் கொண்டு பார்த்தாள். ரொறன்ரோவே வந்து சொல்லியும் ஆயிற்று. ஜெனீற்றா நடந்துபோய், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். மணிக்காரன் அவள் முகத்தைப் பார்த்துக் கயிற்றை விட்டான்.

"எல்லாரும் கேளுங்கோ," என்றாள். "புதுமைதான். ஆனா சூசையப்பர் என்ர கனவில வந்து சொன்னவர். இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில ஆர் சத்தம் போட்டாலும், ஆர் அடிச்சாலும், குடுத்ததைத் திருப்பி எடுத்திடுவாராம். போட்ட ஆளின்ர காதையும் சும்மா விட மாட்டாராம்."

மூப்பர் கையிலிருந்த மைக்கைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். வாங்குக்குக் கீழே அழுகை மெல்ல அடங்கியது. நிலக்சனா தவழ்ந்து வெளியே வந்து, தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியளோ," என்றார் மூப்பர், குசுகுசுத்து. "திரும்பவும் திறந்திட்டார்."

சுவாமியார் ஜெனீற்றாவை ஒரு மாதிரிப் பார்த்தார். பிள்ளையின் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பூசை லவுட்ஸ்பீக்கர் இல்லாமல் நடந்தது. நிலக்சனா வெள்ளைச் சட்டையோடு போய் முதல் நன்மை வாங்கினாள். திங்கட்கிழமை கிறேஸ் ரீச்சர் அவளை முன் மேசையில் இருத்தி, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பிள்ளையின் நன்மைக்கு என்றா நினைக்கிறீர்கள்? தன் காது போய்விடும் என்ற பயம்.

இரண்டு கிழமை கழித்து, கேதீஸ்வரி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். சந்திக்கு அந்தப் பக்கம் பிள்ளையார் கோயிலடியில் இருக்கிறவள். ஒரு கையில் மெழுகுதிரிப் பெட்டி, மறு கையில் ஏழு வயது மகன் மிரோஜன். பள்ளிக்கூடச் சேட்டு அவன் உடம்பில் இல்லை, தோளில் கிடந்தது. முதுகில் பனைமட்டையால் அடித்த தழும்பு.

"அக்கா, இவனுக்குச் சேட்டுப் பட்டா நெருப்புச் சுட்ட மாதிரிக் கத்திறான்," என்றாள் கேதீஸ்வரி. "கழுத்தில இருக்கிற துண்டு குத்துதாம். குழப்படி எண்டு தகப்பன் அடிக்காத நாளில்லை. நாங்கள் சைவம்தான். எண்டாலும் சூசையப்பர் இவனைப் பற்றியும் ஏதும் சொன்னவரோ எண்டு கேட்டுப்போக வந்தனான்."

பையன் தாயின் பின்னால் ஒதுங்கி நின்றான். ஜெனீற்றா அந்தத் தழும்பைப் பார்த்தாள். சேட்டை வாங்கிக் கழுத்துப்பட்டியைத் திருப்பி, அங்கே தைத்திருந்த துணித்துண்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, தையலைக் கவனமாகப் பிரித்து அதை அகற்றினாள்.

"ஓம், சொன்னவர்," என்றாள். "முதல்ல அடிக்கிறதை நிப்பாட்டட்டாம்."