பால் பல்தானே

1

இந்தக் கதையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பல் மருத்துவர் கேட்டது காத்திருப்பறையில் வைக்க ஒரு துண்டறிக்கை: 'முதல் பல் முளைத்ததும் குழந்தையை அழைத்து வாருங்கள்.' அதற்காக ஒரு முற்பகல் அவர் அறையிலேயே ஓரமாக உட்கார்ந்திருந்தேன். துண்டறிக்கை அரைப் பக்கத்தில் முடிந்தது. அங்கு பார்த்துப் பேசிய ஒரு தாயின் கதைதான் முடியமாட்டேன் என்கிறது.

2

முதல் தொடக்கம்: 'அலட்சியமான ஒரு தாய்...'

(அடித்துவிட்டேன். காலை எட்டு முதல் மாலை ஏழு வரை சீருடைத் தையற்கூடத்தில் காலர் வைப்பவளை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.)

இரண்டாவது: மகளுக்கு ஒன்றரை வயதில் தடுப்பூசி போட்ட நர்ஸ், மேல் பல்லில் ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டினாள்.

"பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. மருந்து பூசிவிடுவாங்க, பத்து நிமிஷ வேலை. பால் புட்டியோட தூங்க வைக்காதீங்க."

தாய் தையற்கூடத்தில் அரை நாள் விடுப்புக் கேட்டாள். "பால் பல்லுக்கா லீவு? அது விழுந்து முளைக்கத்தானே போகுது" என்றார் மேற்பார்வையாளர். அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. புட்டி இல்லாமல் பிள்ளை தூங்காது. பிள்ளை தூங்காமல் அவள் எங்கே கண்ணை மூடுவது?

3

இப்போது மகளுக்கு ஐந்து வயது. மூன்று வாரமாக ஒரு பக்கமாகவே மெல்கிறாள்.

"நாலு கடவாய்ப் பல்லு சொத்தை. வேர் வரைக்கும் போயிருச்சு" என்றார் மருத்துவர். "தானா விழ இன்னும் அஞ்சு வருஷம் ஆகும். மயக்கம் குடுத்து ஒரே தடவையா சரிபண்ணலாம். இல்லன்னா பிடுங்கணும். அப்புறம் புதுப் பல்லு கோணலா வரலாம்."

"எவ்வளவு ஆகும்?"

சொன்னார். அவளுடைய மூன்று மாதச் சம்பளம்.

"அன்னிக்கே வந்திருந்தா?"

மருத்துவர் விளக்கை அணைத்தார். "அத விடுங்கம்மா."

('கண் கெட்ட பிறகு...' என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன். அவளுக்குப் பழமொழியா குறைச்சல்?)

4

முடிவு அ: மேற்பார்வையாளர் மனமிளகி முன்பணம் தருகிறார். (நானே நம்பவில்லை.)

முடிவு ஆ: பிடுங்கிவிடுகிறார்கள். மகள் அதன்பிறகு சிரிக்கும்போதெல்லாம்...

நடந்தது இவ்வளவே. "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தவள் கதவருகே நின்றாள். இடுப்பிலிருந்த எட்டு மாத மகனின் கீழுதட்டை விரலால் இறக்கினாள். அரிசிபோல இரண்டு பல்.

"இவனையும் பாத்துருங்க டாக்டர். இன்னிக்கும் லீவு தரல. சொல்லாமத்தான் வந்திருக்கேன்."

மருத்துவர் அவளைத் திரும்ப உட்காரச் சொன்னார்.

மகளின் பல்லுக்கு என்ன முடிவெடுத்தாள் என்று கேட்காமலே வந்துவிட்டேன். நீங்கள் எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதச் சம்பளத்துக்கும் ஒரு வழி எழுதுங்கள். எனக்கு வரவில்லை.