மாப்பிள்ளை கொடுத்த தடை

எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்து நாலு நாள்கூட ஆகவில்லை, பங்குச் சாமியார் ஆளனுப்பிக் கூப்பிட்டார். ஓலை என்று மூன்று ஞாயிறு கோயிலில் எங்கள் பெயர்களை வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும். எந்த வயிற்றெரிச்சல் பிடித்தவள் கிளப்பிவிட்டாளோ என்று கொதித்துக்கொண்டே போனேன். அங்கே உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளை லிஜோ. தடை எழுதிக் கொடுத்ததும் அவன்தான், தன்மீதே.

“எலின்னு எழுதியிருக்கான் மோளே. எனக்கொண்ணும் மனசிலாவல்ல,” என்று சாமியார் தாளை நீட்டினார்.

எனக்குப் புரிந்தது. எல்லாம் என் வாய்க்கொழுப்பு. மார்த்தாண்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள் நான். போன வாரம் போனில் பேச விஷயம் தீர்ந்துபோக, அமெரிக்கப் புல்வெளி எலியைப் பற்றி அளந்துவிட்டேன். அதில் ஆண் ஒரே துணையோடு குடும்பம் நடத்தும். அதன் பங்காளி இனத்து எலியோ சேரும், போய்விடும். மூளையில் ஒரு ஜீன் வேலை செய்யும் விதம்தான் வித்தியாசம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அவன் ‘உம்’ கொட்டியதைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

லிஜோவின் அப்பா மங்களூருக்குப் படகு வேலைக்குப் போய், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டவர். அப்போது அவனுக்கு ஆறு வயது.

“அப்பாக்க ஜீன்தானே எனக்கும்? நாளைக்கு நானும் போயிட்டா, ஜாஸ்பின்? இப்பமே சொல்லுறது மரியாதல்லா.”

இவன் நல்லவனா, நழுவப் பார்க்கிறானா? அறைவதா, கட்டிக்கொண்டு அழுவதா? சாமியார் திருச்சபைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். எலி அகப்படவில்லை.

“லிஜோ, கதை அதோட முடியல்ல,” என்றேன். “இது இல்லாம சோடி சேராதுன்னு நெனச்ச இன்னொரு ஜீன வெட்டியே எடுத்துப் பாத்தாங்க. அது இல்லாம பொறந்த எலியும் சோடி சேந்து ஒண்ணாத்தான் இருந்துச்சு. ஒரு ஜீன வச்சு எலியயே சொல்ல முடியல்ல. மனுசன எப்பிடிச் சொல்ல?”

“நெசமாட்டா?”

“நெசம்தான்.”

 அவன் தாளை வாங்கிக் கிழித்தான். “ஓலைய வாசியுங்க சாமி.”

போன உயிர் திரும்பியது எனக்கு. வாசலுக்கு வந்ததும் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

“நேத்து அப்பாவுக்குப் போன் போட்டேன்டி. இருவது வருசத்துல மொதத் தடவ. ஒங்க மேல குத்தமில்ல, எல்லாம் ஜீன் செய்யித வேலன்னு சொன்னேன். தேம்பித் தேம்பி அழுதாரு.” முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அப்பம், அவரா நெனச்சுத்தான் எங்கள விட்டுட்டுப் போனாரா?”