போகாத பந்து

அறுபது ஆட்டங்களில் தவாரெஸ் செய்த பிழைகள் நான்கு. எனக்கு அது பிடிக்கவில்லை.

தொமினிக்கன் குடியரசில் பதினேழு வயதில் அவனைப் பார்த்து ஒப்பந்தம் செய்யச் சொன்னவன் நான்; பேஸ்பால் கிளப் ஒன்றுக்கு வீரர்களைத் தேடிப் பார்ப்பது என் வேலை. அன்று இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று எட்டாத பந்துக்கெல்லாம் பாய்ந்தான். மூன்றைப் பிடித்தான். இரண்டைப் பார்வையாளர் மேல் எறிந்தான். எறிவதைத் திருத்திவிடலாம், பாய்ச்சலைக் கற்றுத்தர முடியாது என்று அறிக்கையில் எழுதினேன்.

இப்போது அவனுக்கு இருபத்திரண்டு. அயோவாவில் எங்கள் கிளப்பின் கீழ்நிலை அணியில் மூன்றாவது வருடம். மேல் அணிக்கு அனுப்பலாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இலையுதிர் காலத்தில் அவனை விடுவித்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை மூன்றாவது இன்னிங்ஸில் அவனுக்கு வலப்பக்கம் ஒரு பந்து உருண்டது. இரண்டு அடி வைத்தான். நின்றான். பந்து பின்னாலிருந்த புல்வெளிக்குப் போனது. கைக்கு வராத பந்து பிழையாகாது. அடித்தவன் கணக்கில் ஹிட் என்று எழுதினார்கள். வெள்ளிக்கிழமை அதேபோல மூன்று.

அந்த அணியின் மேலாளர் டெக்கரிடம் காரணம் கேட்டேன். சூரியகாந்தி விதைத் தோலைக் காகிதக் குவளையில் துப்பிவிட்டு, ஒரு பிழைக்கு ஒரு நாள் ஆடாமல் பெஞ்சில் உட்கார வேண்டும், அதுதான் தன் சட்டம், போன வருடம் இருபத்தாறு பிழை, இப்போது நான்கு என்றார்.

"பந்துக்கே போக மாட்டேங்கிறான்" என்றேன்.

"போகாத பந்துக்கு ஸ்கோர் ஷீட்ல கட்டம் இல்ல, கோர்மன். நீ வேணும்னா ஒண்ணு வரைஞ்சுக்கோ."

சனிக்கிழமை மதியம் மட்டைப் பயிற்சிக் கூண்டுக்குப் பின்னால் தவாரெஸைப் பிடித்தேன். வீரனைப் பார்க்கப் போனவன் அவனுக்கு ஆட்டம் சொல்லித்தரக் கூடாது. முப்பது வருடமாக அந்த விதியை நான் மீறியதில்லை. எல்லாவற்றுக்கும் பாய், நான் பார்த்தால் போதும், அதைத்தான் எழுத வந்திருக்கிறேன் என்றேன்.

கையுறையின் நாடாவை இறுக்கிக்கொண்டே கேட்டான்.

"நீங்க திங்கக்கிழமை கெளம்பிடுவீங்க. அப்புறம் நான் யார்கிட்ட நிக்கணும்?"

மேல் அணியில் நிற்பாய் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அன்று அவன் பாய்ந்தான். நான்கு பந்துகள். இரண்டைப் பிடித்து, மண்ணில் முழங்கால் ஊன்றியபடியே எறிந்து ஆளை வெளியேற்றினான். அந்த அணியில் வேறு யாரும் அவற்றைத் தொட்டிருக்கக்கூட முடியாது. மூன்றாவது பந்து கையுறையில் பட்டுத் தெறித்தது. நான்காவதை முதல் தளத்துக்கு மேலே எறிந்தான். எதிரணியில் இரண்டு பேர் ஓடி முடித்து ஓட்டம் எடுத்தார்கள். ஆட்டம் போனது. பிழைகள் இரண்டு. டெக்கர் என் பக்கம் திரும்பவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்ச். மேற்கொண்டு பார்க்க எதுவும் இல்லை. பந்துத் தடுப்புக்கு அறுபது மதிப்பெண் என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். எங்கள் அளவில் ஐம்பது வாங்கினாலே பெரிய லீகில் நிற்கலாம்.

மாலையில் கிளப்பின் இயக்குநர் ஃபாலன் போனில் அழைத்தார். மேல் அணிக்குப் போகிறவர்கள் பட்டியல் முடியப்போகிறது, உன் அறிக்கைப்படி வியாழனும் வெள்ளியும் பந்துக்கே போகாதவன் சனிக்கிழமை மட்டும் எப்படி மாறினான் என்றார்.

நான்தான் பாயச் சொன்னேன் என்றேன்.



"அப்ப நீ பாத்தது அவன் ஆட்டம் இல்ல. உன் ஆட்டம். இந்த ரிப்போர்ட்ட நான் எங்க வைக்கறது?"

பிடித்த இரண்டையாவது கணக்கில் எடுங்கள் என்றேன். டெக்கரின் அறிக்கை இருக்கிறது, அது போதும் என்றார். டெக்கர், பதற்றத்தில் தடுமாறுகிறான், இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வருடத்தைக் கிளப் தராது என்று டெக்கருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை மாலை பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். வேறொருவன் பெயர் இருந்தது. நான் கார் சாவியோடு நின்றிருந்தேன். தவாரெஸ் வந்து படித்தான்.

"சனிக்கிழமை நான் ஆடினத யாருமே பாக்கலையா?"

"நான் பாத்தேன்."

"நீங்க பாத்தா போதும்னு சொன்னீங்களே."

 உள்ளே போய்ச் சீருடை மாற்ற ஆரம்பித்தான். ஏழு மணிக்கு ஆட்டம் இருந்தது; இரண்டாவது பிழைக்கு அன்றும் அவனுக்குப் பெஞ்ச்தான். நானும் கிளம்ப வேண்டியிருந்தது. அடுத்த ஊரில் ஒரு பந்துவீச்சாளன்.