கட்டிலுக்கடியில் பெட்டிகள்

முதல் பெட்டியைப் பார்த்தபோதே எனக்குச் சுருக்கென்றது. என் மனைவி வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டி அது. கட்டிலுக்கடியில், பழைய போர்வைக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். இரண்டு நாளில் இன்னொன்று வந்தது. வாரம் முடிவதற்குள் நாலாகிவிட்டது.

வேறு யாராவது என்றால் கண்டும் காணாமல் போயிருப்பார்கள். என்னால் முடியாது. பதினோரு வருடமாக மோட்டார் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் வாசலில் நின்று, வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கிறவன் நான். சாப்பாட்டு டப்பாவின் அடியில் செம்புக் கம்பியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று கண் கலங்கியவர்களையெல்லாம் பார்த்தாயிற்று. போர்வைக்குப் பின்னால் ஒன்று இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவள் தொடங்கி வைத்தது. சனிக்கிழமை சாயங்காலமானால் அவளும் எங்கள் ஆறு வயது மகளும் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். மகளை வாலு என்றுதான் கூப்பிடுவோம், பொருத்தமான பெயர். நடுவில் ஒரு கிண்ணம் மாவுப் பசை இருக்கும். தீப்பெட்டி, முட்டை அட்டை, பாட்டில் மூடி, நூல் தீர்ந்த கட்டை, ஜோடி தொலைந்த காலுறை, இப்படி வீட்டில் கழிந்துபோன எதுவும் வரலாம். காசு கொடுத்து வாங்கியது மட்டும் கூடாது, அது சட்டம். மாதக் கடைசி சனிக்கிழமை திறப்பு விழா. நான்தான் சிறப்பு விருந்தினர், ரிப்பன் வெட்டி இரண்டு வார்த்தை பேச வேண்டும். அதுவரை அப்பா கண்ணில் எதையும் காட்டமாட்டார்கள். போன மாதம் ஒரு கப்பல். வாளித் தண்ணீரில் விட்டதும் குடைசாய்ந்து மூழ்கியது, நான் இரங்கல் உரை ஆற்றினேன். வாலு சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டாள்.

பெட்டி என்றதும் அந்த வழக்கம் நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் கப்பலுக்கு இரண்டு சோப்பு டப்பா போதுமாக இருந்ததே. ஒரு குடும்பத்தின் துணிமணி கொள்ளும் அளவுக்கு நாலு பெட்டி எதற்கு?

அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. அதை மறைப்பானேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் அவள் வர முக்கால் மணி நேரம் தாமதமானது. நான் மருந்துக்கடை முதலாளிக்குப் போன் போட்டு, எத்தனை மணிக்குக் கிளம்பினாள் என்று விசாரித்துவிட்டேன். மறுநாள் கடை முழுக்க அது சிரிப்பாய்ச் சிரித்திருக்கிறது. அவள் வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. நிதானமாகச் சொன்னாள்.

"இன்னொரு தடவை என்னைத் திருடி மாதிரி விசாரிச்சீங்கன்னா, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். மிரட்டல்னு நினைக்காதீங்க."

அவள் சொன்னால் செய்கிறவள். அன்றிலிருந்து எனக்கு வாலு இல்லாத வீடுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. மனுஷன் திருந்தியிருக்க வேண்டும். நான் இன்னும் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

வாசலில் என்னோடு நிற்கும் கூட்டாளியிடம், யாருக்கோ நடந்த மாதிரி விஷயத்தை லேசாக எடுத்துவிட்டேன். அவன் காது குடைந்துகொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"பெட்டி சேருதுன்னா சரக்கு கிளம்பப் போகுதுன்னு அர்த்தம். இது கூடவா தெரியாது?"

அன்று சாயங்காலம் அவள் குளிக்கப் போனதும் கைப்பையைத் திறந்தேன். வாலு அடுத்த அறையில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. சீப்பு, பஸ் சீட்டு, தலைவலி மாத்திரை. பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு துண்டுச் சீட்டு, அவள் கையெழுத்தில்: அறை இரண்டு. ஜன்னல் மூன்று. முன்னால் கேட் கட்டாயம். மாடி வேண்டாம்.

சீட்டை இருந்தபடியே மடித்து உள்ளே வைத்தேன். அண்ணன் வீடு கூட இல்லை, தனி வீடே பார்க்கிறாள். கேட் கட்டாயமாம். என்னை உள்ளே விடாமல் இருப்பதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வாலுவைத் தனியாகப் பிடித்தேன். கையில் இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டேன்.

"அம்மாவும் நீயும் என்னடா பண்றீங்க, எனக்குத் தெரியாம?"

"புது வீடு." சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். "உன்கிட்ட சொல்லக்கூடாது."

"சரி, சொல்ல வேண்டாம். அந்த வீட்டுக்குள்ள யார் யார் இருக்கப் போறீங்க? அதை மட்டும் சொல்லு."

"நானு. அம்மா."

"அப்பா?"

வாலு பிஸ்கட்டைக் கடித்தபடி யோசித்தாள். "நீ வெளிய," என்றாள்.

அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகத்தில் துளி வருத்தம் இல்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துப் பழக்கியே விட்டாள் என்று நினைத்தேன்.

மாதக் கடைசி சனிக்கிழமை வந்தது. பகலில் அம்மாவும் மகளும் முடி வெட்டிக்கொள்ளப் போனார்கள். கட்டிலுக்கடியில் பெட்டிகள் இல்லை. அலமாரி மேல் ஒரே ஒரு பெரிய பெட்டி, மேல்பக்கம் டேப் ஒட்டி மூடியிருந்தது. தூக்கினால் கனம் இல்லை, உள்ளே என்னவோ உருண்டது. நகையாக இருக்கலாம், என் சான்றிதழ்களாகக் கூட இருக்கலாம். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. சந்தேகமான பெட்டியை மேலே தொடக்கூடாது. கவிழ்த்துப் போட்டு அடியில் கீறிப் பார்த்துவிட்டு ஒட்டிவிட வேண்டும். மேல் டேப் அப்படியே இருக்கும், திறந்த சுவடே தெரியாது. பையிலிருந்த கத்தியை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

கத்தி ஒரு அட்டையை அறுக்கவில்லை, இரண்டை அறுத்தது. பிளவு வழியாக ஒரு தீப்பெட்டிக் கட்டில் கீழே விழுந்தது.

கையை விட்டுப் பிரித்து, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். பெட்டியின் அடியோடு சேர்த்துப் பசை போட்டு ஒரு வீடு ஒட்டியிருந்தது. மற்ற பெட்டிகளை வெட்டிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். இரண்டு அறை, மூன்று ஜன்னல். தரையெல்லாம் உருளைக்கிழங்கு அச்சில் நீலப் பூ. அந்தப் பூக்களின் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் என் கத்தி போயிருந்தது. உள்ளே நூல்கட்டையில் செய்த இரண்டு பொம்மைகள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. வெளியே கேட் பக்கத்தில் பாட்டில் மூடித் தொப்பி போட்ட மூன்றாவது பொம்மை நின்றது. நானேதான். தொப்பையைக் கூட விடவில்லை.

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. நிம்மதியும் வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். கிளம்பப் போவதில்லை, விளையாட்டு வீடுதான். கட்டிலை உள்ளே தள்ளி, பிளவைச் சேர்த்துப் பிடித்தேன். ஒட்ட வீட்டில் டேப் இல்லை, இருந்ததையெல்லாம் அவர்கள் தீர்த்திருந்தார்கள். என் வேலைப் பையில் ஒரு உருளை இருந்தது. அடிப்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதை ஒட்டிவிட்டு, பெட்டியை அலமாரி மேல் ஏற்றினேன்.

சாயங்காலம் திறப்பு விழா. வாலு வெட்டிய முடியோடு புதுசாகத் தெரிந்தாள். நான் ரிப்பன் வெட்டினேன். இந்த வீட்டில் குடியேறுகிறவர்கள் நீடூழி வாழ்க என்று பேசினேன். வாலு உற்சாகத்தில் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிச் சாய்த்தாள்.

"அம்மா, கீழ சிவப்பா எழுதியிருக்கு." இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறவள். விரல் வைத்துப் படித்தாள். "சோ... தி... க்... கப்... பட்... டது."

எங்கள் தொழிற்சாலை டேப். சோதித்த பெட்டிக்கெல்லாம் அதைத்தான் ஒட்டுவோம்.

என் மனைவி டேப்பின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் "எலி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"பரவாயில்லடி," என்றாள் மகளிடம். "அப்பா வீட்டைச் சோதிச்சிருக்காரு. அவ்வளவுதான்."

அதோடு முடிந்திருக்கும். அவள் விட்டுக்கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள். வாலுதான் என்னைப் புகழ்ந்துவிட்டாள்.

"அப்பா எல்லாத்தையும் சோதிப்பாரு. அம்மா குளிக்கும்போது அம்மா பையைக் கூடப் பார்ப்பாரு. அதான் அப்பாவைக் கேட்டுல நிக்க வச்சேன். அப்பா பார்த்தாத்தான் எல்லாரும் உள்ள போகணும்."

என் மனைவி கத்தரிக்கோலைச் செய்தித்தாள் மேல் வைத்தாள். சிதறிய அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"போயிடுவியா?" என்று கேட்டேன்.

"தெரியல," என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் முகத்தையும் அலமாரிக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் பார்த்தேன்.

திங்கட்கிழமை எனக்குக் காலை முறை, சீக்கிரம் வந்துவிட்டேன். ஐந்தரை மணிக்கு இருவரும் வந்தார்கள். கதவைத் திறந்தேன். என் மனைவி உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று கைப்பையின் ஜிப்பை இழுத்து, வாயை அகலமாகத் திறந்து என் முன்னால் நீட்டினாள். முகத்தில் கோபம் கூட இல்லை.

"வேண்டாம். உள்ள வா," என்றேன்.

அவள் நகரவில்லை. பக்கத்தில் வாலு புத்தகப் பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். இரண்டு ஜிப்பையும் திறந்துவிட்டாள். பென்சில் டப்பா, தண்ணீர் பாட்டில், பாதி தின்ற பிஸ்கட், மடித்த காகிதத்தில் ஏதோ படம். எல்லாம் எனக்குத் தெரிகிற மாதிரி விரித்து வைத்துவிட்டு, ஒரு அடி பின்னால் தள்ளி நின்றாள். அவளுக்கு இது புது விளையாட்டு. சந்தோஷமாக இருந்தாள்.

"ஒண்ணும் எடுக்கலப்பா," என்றாள். "உள்ள போகலாமா?"