பெட்டிக்கு அடியில்

மைனஸ் நூறு என்று தட்டிவிட்டு நெடுஞ்செழியன் என்டரை அழுத்தினான். திரையில் மணல் கடிகாரம் இரண்டு நிமிஷம் புரண்டுகொண்டிருந்தது. பிறகு மேலிருந்து கீழாக உலகம் வரத் தொடங்கியது. அமெரிக்கா நட்டநடுவில், பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் உட்காருகிற தோரணையில் உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வலது ஓரத்தில் பாதி ஆசியா, இடது ஓரத்தில் மீதி ஆசியா, இரண்டுக்கும் குறுக்கே அமெரிக்காவின் தலைமேலும் மடிமேலும் பட்டை பட்டையாகக் கோடுகள். பச்சையில் ரஷ்யா, மஞ்சளில் சீனா, ஆரஞ்சில் இந்தியா. துவைத்த வேட்டிகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக் கட்டிக் காயப்போட்டது மாதிரி இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று அவனுக்குத் தெரியும். படத்தின் நடுவை மாற்றினால் ஓரமும் மாறிவிடும். பழைய படத்தில் ஓரம் பசிபிக் கடலில், அநேகமாக யாருக்கும் வலிக்காத இடத்தில் இருந்தது. புது ஓரம் ஆசியாவின் மேல் விழுந்திருந்தது. அந்த மென்பொருளுக்கு ஒரு நாடு என்றால் ஒரே உருவம். அதில் ஒரு பகுதி வலது கோடியிலும் மறுபகுதி இடது கோடியிலும் கிடந்தாலும் விடாப்பிடியாகக் கோடு இழுத்து இரண்டையும் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஓரத்தில் மாட்டிய நாடுகளை ஆள்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இரண்டு துண்டாக வெட்டிக் கொடுக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் அவன் வேலை பார்த்த கம்பெனி, கடலுக்கடியில் டெலிபோன் கேபிள் போடுகிறவர்களுக்குச் சாமான் விற்றது. வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கச் சுவர்ப்படம் ஒன்று ஐநூறு பிரதி அச்சடிப்பதென்று தொண்ணூற்றேழு மே மாதத்தில் முடிவானது. மேனேஜர் டக் பழைய படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்கிலாந்து எதற்கு நடுவில் இருக்கிறது, நாமல்லவா இருக்க வேண்டும் என்றார். மைனஸ் நூறு, அதாவது மேற்கே நூறாவது தீர்க்கரேகை, அவர் சொன்ன எண்தான். முழு எண், ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம். அந்த சாஃப்ட்வேரை மேய்க்கத் தெரிந்தவன் கம்பெனியிலேயே நெடுஞ்செழியன் ஒருத்தன். தமிழ்ப் பற்றில் அவன் அப்பா வைத்த பெயரை ஆபீஸில் 'நெட்' என்று நறுக்கியிருந்தார்கள். அவன் மறுப்புச் சொல்லவில்லை. மறுப்புச் சொல்வது அவன் சுபாவத்திலேயே கிடையாது.

நடு, மேற்கே நூறு என்றால் ஓரம் கிழக்கே எண்பது. எண்பது எங்கே போகிறது என்று திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான். செங்கல்பட்டை உரசிக்கொண்டு போயிற்று. அவன் பிறந்த கோபிச்செட்டிபாளையம் உலகத்தின் வலது கோடியில் கிடந்தது. படித்த கிண்டி இடது கோடியில். ஈரோட்டில் ரயில் ஏறினால் திருவள்ளூர் வரைக்கும் ஒழுங்காகப் போய், அங்கே தாளை விட்டுக் கீழே விழுந்து, உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஆவடியில் ஏறினால்தான் சென்ட்ரல். இதை மனைவி பூங்கொடியிடம் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்துத் தானும் கொஞ்சம் சிரித்துக்கொண்டான். சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

ஏனென்றால் இதற்கு வழி இருந்தது. மைனஸ் நூறுக்குப் பதில் மைனஸ் நூற்றுப் பதினைந்து. அவ்வளவுதான். இந்தியா முழுசாக இடது ஓரத்துக்கு வந்துவிடும், அமெரிக்காவும் ஏறக்குறைய நடுவில்தான் இருக்கும். கிழிவது பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானுமாக இருக்கும். அது அவர்கள் பாடு என்று கொஞ்சமும் கூசாமல் நினைத்தான். டக்கிடம் போய், பதினைந்து டிகிரி தள்ளிக்கொள்ளலாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இரண்டு முறை எழுந்து டக்கின் அறைவரை போனான். கண்ணாடிக்கு உள்ளே அவர் மேஜைமேல் நீல ஃபோல்டர் ஒன்று தெரிந்தது. அது அவனுடைய கிரீன் கார்டு ஃபைல். கம்பெனி கையெழுத்துக்காக மூன்று வாரமாக அங்கேயே கிடந்தது. அவன் விசாவுக்கு ஆறாவது வருஷம். வருகிற மார்ச்சோடு முடிகிறது. டக் ஏன் என்று கேட்பார். என் ஊர் இரண்டாகிறது என்று பதில் சொல்ல வேண்டும். அதை ஆங்கிலத்தில் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி ஒரு பேப்பர் கப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினான்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் ஃபைல் அச்சகத்துக்குப் போய்ச்சேர வேண்டும். காலையில் ரஷ்யாவை வெட்டினான். கஜகஸ்தானை வெட்டினான். சாப்பிட்டு வந்து சீனாவை முடித்தான். இரண்டரை மணிக்கு இந்தியாவில் கை வைத்தால் மெஷின் செத்துவிட்டது. திரும்ப உயிர் கொடுத்து ஆரம்பித்தான். மறுபடி செத்தது. அந்தமான், லட்சத்தீவு என்று பொடிப் பொடியாக ஏகப்பட்ட துணுக்குகள்; எதையோ தொட்டால் எதுவோ உடைந்தது. மூன்றாவது முறை செத்தபோது மணி மூன்று இருபது. வாசலில் டக்கின் தலை தெரிந்தது. "என்ன நெட், ஆச்சா?" என்றார் ஆங்கிலத்தில். "ஆல்மோஸ்ட் டன்" என்றான்.

இந்தியாவைச் சொடுக்கினான். ஆரஞ்சு முழுசும் பளிச்சென்று மின்னியது. டிலீட். நிச்சயந்தானா என்று மென்பொருள் கேட்டது. அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டது அது ஒன்றுதான். ஆமாம் என்று அழுத்தினான். அமெரிக்காவின் மடியிலிருந்து ஆரஞ்சுக் கோடுகள் ஒரே உருவலில் போய்விட்டன. அடியில் இலங்கைக்கு ஒரு மெல்லிய கோடு மிச்சமிருந்தது. அதையும் எடுத்தான். அதற்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பாகிஸ்தானுக்குப் பக்கத்தில் வெறும் கடல் நின்றது. எந்தக் கோடு எந்தக் கேபிள், எந்தப் புள்ளி எந்த நிலையம் என்று விளக்குகிற குறிப்புப் பெட்டி ஒன்று கீழே கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் வைத்து, வெளிர் மஞ்சள் பின்னணி கொடுத்து, அளவெடுத்த மாதிரி மூடினான். இடது பக்கத்து ஓட்டையில் கம்பெனி முத்திரை. நம்ம கேபிள் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது உண்மையாகவும் இருந்ததுதான் கேவலம். மூன்று ஐம்பதுக்கு ஃபைல் போய்விட்டது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினான். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல் காகிதத் துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

யாரும் கவனிக்கவில்லை. ஐநூறு பிரதியும் வந்து, ஒன்று வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது. அட்டகாசம் என்று டக் தோளில் தட்டினார். அடுத்த செவ்வாய்க்கிழமை நீல ஃபோல்டர் கையெழுத்தோடு வந்தது. பூங்கொடி அன்றைக்குக் கேசரி கிளறினாள். அவன் இரண்டு கரண்டி அதிகமாகவே வாங்கிச் சாப்பிட்டான்.

ஆகஸ்டில் கம்பெனி பிக்னிக். அங்கேதான் டக், நெடுஞ்செழியனின் எட்டு வயசு மகள் பிரீத்தியைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த படங்களில் ஒன்றைக் குழாய்க்குள் சுருட்டிக் கொடுத்தார். உங்க அப்பா செய்த உலகம் இது என்றார். பிரீத்தி ஃப்ரீமான்ட் வீடு வந்துசேரும்வரை குழாயை மடியிலேயே வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நெடுஞ்செழியன் அதை வாங்கி, "அப்புறம் பார்க்கலாம் கண்ணு" என்று கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் செருகினான். செருகியதோடு மறந்தும் போனான். மறக்க வேண்டும் என்று நினைக்கிறதை மறக்க அவனுக்கு நன்றாக வரும்.

செப்டம்பர் கடைசியில் லிவர்மோர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து பிரீத்தி கேட்டாள். "அப்பா, இஸ் இண்டியா பிக்?"

"பெருசு கண்ணு. ரொம்பப் பெருசு. எதுக்குக் கேக்கறே?"

"நத்திங்."

ஃப்ரீவேயில் டிராஃபிக் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. அவன் லேன் மாறுவதில் இருந்தான். பிரசாதப் பொட்டலத்தை ஏன் பிரிக்கவில்லை என்று பூங்கொடி அவளைக் கேட்டதும், அவள் பசியில்லை என்றதும் காதில் விழுந்தது.

அக்டோபரில் பள்ளியில் ஓப்பன் ஹவுஸ், பெற்றோர் வந்து பிள்ளைகளின் வகுப்பைப் பார்க்கிற நாள். சாயங்காலம் ஆறரைக்கு ஆபீஸிலிருந்து நேராக வந்து, பார்க்கிங்கில் காத்திருந்த பூங்கொடியோடும் பிரீத்தியோடும் வகுப்புக்குள் நுழைந்தான். நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அவனுடைய படம்.

முதலில் அவனுக்குத் தோன்றியது, வெளியே போய்விடலாம் என்பதுதான். பின்னால் இன்னொரு குடும்பம் வந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது. படம் முழுக்கக் குண்டூசிகள். ஒவ்வொரு ஊசியிலிருந்தும் ஒரு கம்பளி நூல் கலிஃபோர்னியாவுக்கு ஓடியது. ஒவ்வொரு பிள்ளையின் குடும்பமும் எங்கிருந்து வந்தது என்று காட்டும் படம். மெக்ஸிகோவில் நான்கு ஊசி. மணிலாவில் மூன்று. தைவானில் இரண்டு. வலது ஓரத்தில் காபூலில் ஒன்று, பக்கத்தில் ஒமர் என்று பெயர்ச்சீட்டு. அவன் மனசாரக் கிழியக் கொடுத்த ஆப்கானிஸ்தான் ஒரு பிசிறில்லாமல் முழுசாக இருந்தது.

"ஏனுங்க, இது நீங்க செஞ்சதுங்களா?" பூங்கொடி முகமெல்லாம் மலர்ந்து படத்தை ஒட்டிப் போனாள். விரலால் வலது ஓரம் தடவினாள். நடந்து போய் இடது ஓரம் தடவினாள். திரும்பி வந்தாள். "நம்மூரு எங்கீங்க? எனக்குப் பாக்கத் தெரியலீங்களா?"

அவனுக்குக் காது இரண்டும் சுட்டது. அதற்குள் டீச்சர் மிஸஸ் ஹேன்சன் வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும், நல்ல மனுஷி. வலது கையால் அவன் கையைக் குலுக்கிக்கொண்டே இடது கையால் பிரீத்தியின் தோளை அணைத்துக்கொண்டார். இதை நீங்கள்தான் செய்தீர்கள் என்று, படத்தைக் கொண்டுவந்த அன்றைக்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள், உலகத்தையே என் அப்பாதான் செய்தார் என்றாள் என்று சிரித்தார். ஊசி குத்துகிற அன்றைக்கு ஒரு வேடிக்கை நடந்தது என்று மேலே சொன்னார். யார் தேடியும் இந்தியா அகப்படவில்லை. இவள் ஊர் உலகத்திலேயே இல்லை என்று பையன்கள் கொஞ்சம் கேலி செய்துவிட்டார்கள். நான் என்ன செய்வதென்று முழித்துக்கொண்டிருந்தேன். பிரீத்திதான் யோசித்துக் கண்டுபிடித்தாள். இந்தியா அங்கேயேதான் இருக்கிறது, என் அப்பா இடம் போதாமல் அதன்மேல் பெட்டியை வைத்துவிட்டார், பெட்டிக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னாள்.

"அப்படித்தானே?" என்று கேட்டார் மிஸஸ் ஹேன்சன்.

நெடுஞ்செழியன் படத்தைப் பார்த்தான். மஞ்சள் பெட்டியின் நடுவில், 'தற்போதுள்ள கேபிள்கள்' என்ற வரியின்மேல், சிவப்புக் குண்டூசி நிமிர்ந்து நின்றது. அதன் நூல்தான் எல்லா நூலிலும் நீளம். அது ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக்கையும் தாண்டி வந்திருந்தது. ஊசிக்குக் கொஞ்சம் கீழே, பெட்டியின் மூலையில், மை பெயர்ந்து ஓரிடம் வெள்ளையாக இருந்தது. கிட்டப் போய்க் குனிந்தான். சுரண்டியிருந்தது. சின்ன நகம். ஒரு தடவையில் செய்ததில்லை. மஞ்சள் போய், அதற்கு அடியில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பும்வரை சுரண்டியிருந்தது. அடியில் ஆரஞ்சு எதுவும் இல்லை. தாள்தான் இருந்தது.

அப்படியானால் இவளுக்குத் தெரியும். கோயிலிலிருந்து வரும்போதே தெரிந்திருக்குமோ? பாகிஸ்தானுக்குப் பக்கத்தில் என்று குளோபைப் பார்த்து இடம் கண்டுபிடித்து, யாருமில்லாத நேரம் பார்த்துச் சுரண்டி, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் இருக்கிறது என்று இத்தனை நாள் சாதித்துக்கொண்டிருக்கிறாள். எட்டு வயசில் இவ்வளவு பொறுப்பை இவள் தலையில் யார் வைத்தது? அவமானம் என்றால் இத்தனை நாள் கண்ணாடியில் முகம் பார்க்கப் பிடிக்காததுதான் என்று நினைத்திருந்தான். இதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

சொல்லிவிடலாம். நான் எடுத்துவிட்டேன், நேரமில்லை, பயமாக இருந்தது என்று சொல்லிவிடலாம். மூன்றே வாக்கியம். மிஸஸ் ஹேன்சன் புரிந்துகொள்வார். புரியாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. பூங்கொடி பக்கத்தில் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றாள். ஒமரின் அப்பா போலிருந்த ஒருவர் காபூலைப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல இவனையும் ஒரு பார்வை பார்த்தார். பிரீத்தி மட்டும் அவனைப் பார்க்கவில்லை. தன்னுடைய ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யெஸ்" என்றான் நெடுஞ்செழியன். "அடியில்தான் இருக்கிறது."

"பார்த்தாயா!" என்று மிஸஸ் ஹேன்சன் பிரீத்தியின் தோளைத் தட்டிவிட்டு அடுத்த பெற்றோரிடம் நகர்ந்தார்.

"அடியிலயா?" என்றாள் பூங்கொடி. "அதெப்படீங்க அடியில இருக்கும்? பிரிண்ட் அடிச்ச தாளுதானுங்களே." கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியை நோக்கிக் குனிந்தாள்.

பிரீத்தி சட்டென்று நடுவில் வந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு கையைப் பின்னால் தூக்கிப் பெட்டியின் மூலையில் அழுத்திக்கொண்டாள். "அம்மா, டோன்ட் டச்" என்றாள். "டீச்சர் திட்டுவாங்க." வீட்டில் எத்தனை கெஞ்சினாலும் வராத தமிழ், சுத்தமாக வந்தது. இப்போதும் அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை இன்னும் அகலமாக விரித்தாள். சின்னக் கை. விரல்களுக்கு நடுவே வெள்ளை தெரிந்துகொண்டுதான் இருந்தது.