எண்ணெய் விட்ட கசற்

பாட்டுக் கசற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்கிறாள் என் மனைவி கௌரி. மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. கசற் சுற்றும்போது கீச்சிட்டது. கதவு கீச்சிட்டால் என்ன செய்வோம்? இரண்டு சொட்டுத்தான். அடுத்த நிமிடம் பிளேயர் நாடாவை இடியப்பம் மாதிரிப் பிழிந்து வெளியே தள்ளியது.

எண்பத்தைந்தில் வந்த அல்பம் அது. மேளமோ கிற்றாரோ இல்லாமல், சின்தசைசரை மட்டும் வைத்துக்கொண்டு இலண்டன் பொடியன்கள் பாடியது. பெயர் சொன்னால் சிரிப்பீர்கள். பதினேழு வயதில் நானும் என் கூட்டாளி கிளறன்ஸும் அதை எதிர்காலத்தின் இசை என்று நம்பினோம். இப்போது தொண்ணூற்றொன்பதில், வெள்ளவத்தை பிளாட்டில் மறுபடி போட்டால், பழுதான பிரிட்ஜ் ஒன்று காதல் தோல்வியில் முனகுவது போல் இருக்கிறது. எதிர்காலமும் வந்துவிட்டது, கொழும்பில் தங்கும் தமிழனுக்கான பொலிஸ் பதிவோடு. ஆனாலும் மூன்றாவது பாட்டு முடிகிற இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்பேன்.

பாட்டுக்காக அல்ல. தன் மாமாவின் இசைத்தட்டை ஓடவிட்டு, மைக்கைப் பிடித்து, எனக்கொன்று தனக்கொன்றாகப் பதிந்தவன் கிளறன்ஸ். பாட்டுகளுக்கு நடுவே வானொலிக் குரலில் அறிவிப்பான்: "அடுத்த பாடலை விரும்பிக் கேட்பவர், வெள்ளவத்தையிலிருந்து, காதலிக்க ஆள் கிடைக்காத யோகநாதன்." தொண்ணூற்று மூன்றில் இத்தாலிக்கென்று புறப்பட்டவன், பிறகு எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அவன் குரல் என்னிடம் இருந்தது அந்த நாடாவில் மட்டும். அதற்குத்தான் எண்ணெய் விட்டேன்.

மற்றக் கசற் கொட்டாஞ்சேனையில் அவன் அக்கா கொன்ஸ்ரன்ஸிடம் இருக்கும். ஞாயிறு காலை பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் பொலிஸ்காரர் என் பையிலிருந்து, நாடா தொங்கும் கசற்றை வெளியே இழுத்தார். தமிழன் பையில் கசற் என்றால் புலிகளின் இயக்கப் பாட்டு என்பது அவர்கள் கணக்கு.

"இங்கிரீசி சிந்து, மாத்தயா" என்றேன், ஆங்கிலப் பாட்டுத்தான் ஐயா என்று சிங்களத்தில்.

பாடிக் காட்டச் சொன்னார். பஸ் முழுக்கப் பார்த்திருக்க, கொழும்பின் காலி வீதியில் நின்று, "டும்-சிக், டும்-சிக்" என்று இடுப்பையும் ஆட்டினேன். அனுதாபத்தோடு திருப்பித் தந்தார்.

"எண்ணெயா? கடுகு தாளிச்சும் விட்டனியோ?" என்றார் அக்கா, தேத்தண்ணி தந்தபடி.

"அவன்ட கசற்றத் தாங்கோ அக்கா. ஒருக்காக் கேட்டிட்டுத் தாறன்."

சிரிப்பு நின்றது. "தேட வேணும். நத்தாருக்கு வா, எடுத்து வைக்கிறன்."

"கிறிஸ்மஸுக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கு."

நான் எழும்புவதாக இல்லை என்று கண்டதும், உள்ளே போய் ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கிளறன்ஸின் கசற் மேலேயே இருந்தது. அதன் கீழே ஆறு உறைகள், என் கையெழுத்தில். ஒவ்வொரு நத்தாருக்கும் கடிதத்துக்குப் பதிலாக என் அலட்டலை ஒரு கசற்றில் பேசி, அவனுக்கு அனுப்பச் சொல்லி அக்காவிடம் கொடுப்பேன். அவன் அட்ரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது என்பார் அக்கா.

ஒன்றிலும் முத்திரை இல்லை. ஆறும் பிரிக்கப்பட்டிருந்தன.

"முத்திரைக் காசை நல்லா மிச்சம் பிடிச்சிருக்கிறியள்" என்றேன். எப்போதும் நான் செய்வது இதுதான். அக்கா சிரிக்கவில்லை.

"நான் வாற நேரமெல்லாம், போன கிழமையும் கோல் எடுத்தவன், சுகமா இருக்கிறான் எண்டு சொல்லுவியளே. அக்கா, அவன் இருக்கிறானா, இல்லையா?"

அக்கா ரின்னின் மூடியை மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்லை, யோகு. தொண்ணூற்று நாலு மாசியில வள்ளம் கவிண்டு போச்சு. கூடப் போன பொடியன் தப்பி வந்து சொன்னவன். நீ வந்து, அவன் இருக்கிற மாதிரியே கதைச்சிட்டுப் போவாய். எனக்கு அது வேணுமாயிருந்தது."